அலமாரிக்குள் இருக்கும் பெட்டிக்கு ரிமோட் எட்டவில்லை, ரிப்பீட்டர் கட்டினால் எல்இடி அணையவே மாட்டேன் என்கிறது

மரக்கதவு:

எல்லோருக்கும் வணக்கம். செட்டாப் பாக்ஸை மர அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடியாகிவிட்டது. குழந்தை வயர்களைப் பிடித்து இழுக்கிறது, வேறு வழியில்லை. ஆனால் ஒவ்வொரு முறை சேனல் மாற்றவும் எழுந்து போய்க் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது. ரிமோட்டின் சிக்னலை வெளியே வாங்கி உள்ளே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் சர்க்யூட் ஒன்றை நாமே கட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சாலிடர் பிடிக்கத் தெரியும், சின்னச் சின்ன சர்க்யூட் நான்கைந்து செய்திருக்கிறேன், அதற்கு மேல் பெரிய அனுபவம் இல்லை.

கட்டியது இதுதான். ரிமோட்டின் ஒளியை வாங்கும் டிஎஸ்ஓபி1738 ரிசீவர் ஒன்று, அதன் அவுட்புட் நேராக, துடிப்புகளை உருவாக்கும் 555 ஐசியின் 4ஆம் காலுக்கு. 555-இல் 1 கிலோ ஓம், 18 கிலோ ஓம், 1 நானோ ஃபாரட். 3ஆம் காலிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸ். கலெக்டரில் 220 ஓம் ரெசிஸ்டரும் அகச்சிவப்பு எல்இடியும். ஐந்து வோல்ட், பழைய ஃபோன் சார்ஜரிலிருந்து. எல்லாம் ஒரே பிரெட்போர்டில்.

ஃபோனின் முன்பக்கக் கேமராவில் பார்த்தால் எல்இடி எப்போதும் ஊதா நிறத்தில் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது. ரிமோட்டை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒரே மாதிரிதான். பாக்ஸ் அசையவில்லை. ரிசீவரின் அவுட்புட்டை மல்டிமீட்டரில் பார்த்தேன், 3 வோல்ட் பக்கம் தள்ளாடுகிறது. எல்இடிக்கு பவர் போதவில்லையா? இன்னும் இரண்டு எல்இடி சேர்க்கலாமா?

நூறுமீட்டர்:

220 ஓம் என்பது ரொம்ப அதிகம் நண்பரே. ஐந்து வோல்ட்டில் எல்இடிக்கு 1.2, டிரான்சிஸ்டருக்கு 0.2 போனால் மீதி 3.6 வோல்ட், அதை 220-ஆல் வகுத்தால் வெறும் 16 மில்லி ஆம்பியர். ரிமோட்டுக்குள் இருக்கும் எல்இடியே இதைவிட அதிகமாக இழுக்கும். 22 ஓம் போட்டுப் பாருங்கள், அறை முழுக்க அடிக்கும்.

ஈயப்புகை:

எல்இடியில் கை வைக்காதீர்கள், பிரச்சினை அங்கே இல்லை. நீங்கள் கட்டிய இணைப்பே தலைகீழ்.

டிஎஸ்ஓபி வகைக் கண்கள், அதாவது உங்கள் ரிசீவர், சும்மா இருக்கும்போது அவுட்புட் 5 வோல்ட்டில் நிற்கும். சிக்னல் விழுந்தால்தான் பூஜ்யத்துக்கு இறங்கும். 555-இன் 4ஆம் கால் ரீசெட், அது கீழே இருந்தால் ஐசி நிற்கும், மேலே இருந்தால் ஓடும். இரண்டையும் நேராக இணைத்தால் என்ன ஆகும்? சிக்னல் இல்லாத நேரமெல்லாம் 555 ஓடும், சிக்னல் வந்தால் நிற்கும். ரிமோட் சொல்வதற்கு நேர் எதிரானதை உங்கள் எல்இடி சொல்கிறது, பாக்ஸுக்கு எப்படிப் புரியும்?

அந்த 3 வோல்ட் தள்ளாட்டத்தை எழுதியது நல்லது, அதிலேயே பாதிக் கதை இருக்கிறது. எல்லாம் ஒரே போர்டில் இருப்பதால் எல்இடி எரிந்ததும் கண் அதைப் பார்க்கிறது, அவுட்புட் விழுகிறது, 555 நிற்கிறது, எல்இடி அணைகிறது, கண்ணுக்கு மறுபடி இருட்டு, 555 மறுபடி ஓடுகிறது. இது நொடிக்குப் பல நூறு முறை நடப்பதால் மீட்டர் சராசரியைக் காட்டுகிறது, கேமரா மங்கலாகக் காட்டுகிறது. எல்இடியைக் கழற்றிவிட்டு அளந்தால் 5 வோல்ட் அசையாமல் நிற்கும், பாருங்கள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். நடுவில் ஒரு டிரான்சிஸ்டரை வைத்துத் திருப்பிவிடுங்கள். கண்ணின் அவுட்புட்டிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக இன்னொரு பிசி547-இன் பேஸ், எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டரிலிருந்து 10 கிலோ ஓம் ஐந்து வோல்ட்டுக்கு, அந்தக் கலெக்டரே 4ஆம் காலுக்கு. கண்ணுக்குள்ளேயே அவுட்புட்டை மேலே இழுத்து வைக்கும் ரெசிஸ்டர் இருக்கிறது, அதன் வழியாக வரும் சிறு கரண்டே இந்த டிரான்சிஸ்டரைத் திறக்கப் போதும்.

இன்னொன்று. 1738 பழைய தலைமுறைக் கண். அடுத்த முறை 4838 கையில் கிடைத்தால் கால்களின் வரிசை வேறு என்பதை நினைவில் வையுங்கள். 1738-இல் கிரவுண்டு, சப்ளை, அவுட்புட். 4838-இல் அவுட்புட், கிரவுண்டு, சப்ளை. பழைய பழக்கத்தில் அப்படியே செருகினால் கண் போய்விடும்.

மரக்கதவு:

ரொம்ப நன்றி அண்ணா. எல்இடியைக் கழற்றிப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே 4.98-இல் கல் மாதிரி நின்றது. டிரான்சிஸ்டரையும் போட்டுவிட்டேன், கூடவே நூறுமீட்டர் சொன்னதைக் கேட்டு 220-ஐ எடுத்து 22 ஓமும் போட்டேன்.

இப்போது பவர் கொடுத்ததும் எல்இடி அணைந்திருக்கிறது. இதுவே பெரிய சந்தோஷம். ஆனால் ரிமோட்டில் ஒரு பட்டனை ஒரே ஒரு முறை தொட்டால் எல்இடி மின்ன ஆரம்பிக்கிறது, கையை எடுத்த பிறகும் நிற்பதில்லை. ஒரு நிமிடம் வரை பார்த்துவிட்டு சார்ஜரைப் பிடுங்கினேன். டிரான்சிஸ்டரைத் தொட்டால் விரலை எடுக்க வேண்டிய அளவுக்குச் சூடு.

இருட்டறை:

தன் குரலைத் தானே கேட்டுக் கத்துகிறது. ஒலிபெருக்கி முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் கீச்சென்று ஒரு சத்தம் வருமே, அதே கதைதான் இங்கே ஒளியில் நடக்கிறது. முன்பு கண் பார்த்தால் 555 நின்றது, அதனால் வேகமாகத் துடித்தது. இப்போது திருப்பிப் போட்டதால், கண் பார்த்தால் 555 ஓடுகிறது, ஓடுவதால் கண் மேலும் பார்க்கிறது. ஒரு முறை தொடங்கினால் முடிவே கிடையாது.

பிறகு ஏன் நிலையாக எரியாமல் மின்னுகிறது என்று கேட்பீர்கள். கண்ணுக்குள் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு மாதிரி ஒன்று இருக்கிறது. ரிமோட்டின் ஒளி 38 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில், அதாவது நொடிக்கு 38 ஆயிரம் முறை வெட்டப்பட்டு, விட்டு விட்டு வரும்; அது இடைவெளியே இல்லாமல் வந்துகொண்டிருந்தால், இது ரிமோட் இல்லை, விளக்கு ஏதோ ஒன்று என்று நினைத்துத் தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும். அப்போது அவுட்புட் மேலே போகும், எல்இடி அணையும், கொஞ்ச நேரத்தில் உணர்திறன் திரும்பும், ஏதாவது ஒரு சிறு இரைச்சல் போதும், மறுபடி ஆரம்பம்.

எல்இடியை வேறு பக்கம் திருப்பினால் போதும் என்று நினைக்காதீர்கள். சுவரில் பட்டுத் திரும்பும், உங்கள் கையில் பட்டுத் திரும்பும், வெள்ளை பிரெட்போர்டின் பிளாஸ்டிக் வழியாகவே கசியும். அலுமினியத் தாளை எடுத்து எல்இடியைத் தொப்பி மாதிரி முழுக்க மூடிப் பாருங்கள், கால்களில் பட்டு ஷார்ட் ஆகாமல். மின்னல் நின்றால் காரணம் ஒளிதான்.

கறுப்பு டேப்பையோ கறுப்பு பிளாஸ்டிக்கையோ வைத்து மூடிவிட்டு, மூடியாகிவிட்டது என்று நம்பிவிட வேண்டாம். நம் கண்ணுக்குக் கறுப்பு என்றால் 940 நானோமீட்டருக்கும் கறுப்பு என்று அர்த்தமில்லை. டிவியின் முன்னால் கண் இருக்கும் இடத்தில் ஒரு கரிய ஜன்னல் இருக்கிறதே, அது நமக்குக் கறுப்பு, அகச்சிவப்புக்குக் கண்ணாடி. நான் ஒரு முறை கறுப்பு அக்ரிலிக் துண்டை நடுவில் தடுப்பாக வைத்துவிட்டு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். உலோகம், தடித்த அட்டை இரண்டையும் நம்பலாம்.

ஈயப்புகை:

இருட்டறை சொல்வது சரி, ஆனால் இதே நோய்க்கு இன்னொரு காரணமும் உண்டு, பலர் அதைப் பார்ப்பதே இல்லை. சப்ளை.

22 ஓமில் எல்இடி கிட்டத்தட்ட 145 மில்லி ஆம்பியர் இழுக்கப் பார்க்கும், அதுவும் 38 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் வெட்டி வெட்டி. பழைய சார்ஜர், ஒல்லியான வயர், பிரெட்போர்டின் தளர்ந்த கிளிப்புகள், எல்லாம் சேர்ந்து அந்த ஐந்து வோல்ட்டிலேயே 38 கிலோஹெர்ட்ஸ் அலை ஏறிவிடும். கண்ணுக்குள் இருப்பது மிக நுண்ணிய சிக்னலைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையர். தன் சப்ளையிலேயே அந்த அலை ஓடினால் ஒளி இல்லாமலே சிக்னல் வந்துவிட்டதாக நினைக்கும். பிசி547-இன் கலெக்டருக்கு எல்லை 100 மில்லி ஆம்பியர், சூட்டுக்கு அதுதான் காரணம். அதை உடனே நிறுத்துங்கள்.

ஒளியா, சப்ளையா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். அகச்சிவப்பு எல்இடியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இரண்டு சாதாரண சிலிக்கான் டையோடுகளை, 1என்4007 இருந்தால் போதும், ஒன்றன்பின் ஒன்றாக அதே திசையில் போடுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய எல்இடி அளவுக்கே வோல்ட் எடுக்கும், கரண்டும் ஏறக்குறைய அதேதான், ஆனால் ஒளி துளியும் வராது. அறிகுறிக்கு 3ஆம் காலிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக ஒரு சிவப்பு எல்இடி வையுங்கள். ரிசீவரின் கறுப்பு உறை நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை வடிகட்டிவிடும், சிவப்பு அதைத் தொந்தரவு செய்யாது. இப்போது ரிமோட்டைத் தொட்டு எடுத்த பிறகும் சிவப்பு மின்னிக்கொண்டே இருந்தால் குற்றவாளி சப்ளை. ரிமோட்டோடு சேர்ந்து நின்றால் குற்றவாளி ஒளி. பிசி547 சூடாகும், சோதனையைச் சில நொடிகளில் முடித்துக்கொள்ளுங்கள்.

மரக்கதவு:

செய்து பார்த்தேன். இரண்டுமே!

டையோடு போட்ட பிறகும் சிவப்பு எல்இடி விட்டு விட்டு மின்னியது, முன்பைப்போல ஓயாமல் இல்லை, நாலைந்து நொடியில் ஓய்ந்துவிடும், பிறகு எதையாவது தொட்டால் மறுபடி. உடனே அகச்சிவப்பு எல்இடியைத் திரும்பப் போட்டு அலுமினியத் தாளால் மூடினேன், அப்போதும் அதே அரைகுறை மின்னல். தாளை எடுத்தால் பழைய ஓயாத மின்னல். ஆக ஒளியும் இருக்கிறது, சப்ளையும் இருக்கிறது. இப்படிப் பிரித்துப் பார்க்க முடியும் என்று எனக்குத் தோன்றியிருக்கவே இருக்காது.

ஈயப்புகை:

நல்ல வேலை செய்தீர்கள். முதலில் சப்ளையை முடிப்போம். ஐந்து வோல்ட்டிலிருந்து கண்ணின் சப்ளைக் காலுக்கு நேர் வயர் வேண்டாம், நடுவில் 100 ஓம் வையுங்கள். கண்ணின் பக்கம், சப்ளைக் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 மைக்ரோ ஃபாரட்டும் 0.1 மைக்ரோ ஃபாரட்டும், காலை ஒட்டினாற்போல். கண் இழுப்பது ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர்தான், 100 ஓமில் அது இழக்கும் வோல்ட் கணக்கிலேயே வராது. எல்இடி பக்கத்தில் 100 மைக்ரோ ஃபாரட், 555-இன் 8ஆம் காலுக்கும் 1ஆம் காலுக்கும் நடுவே ஒரு 0.1. 5ஆம் காலை அந்தரத்தில் விடாமல் 10 நானோ ஃபாரட் வழியாகக் கிரவுண்டுக்கு. எல்இடியின் கிரவுண்டு வயரும் கண்ணின் கிரவுண்டு வயரும் தனித்தனியாகப் போய் சப்ளை நுழையும் இடத்தில் மட்டும் சந்திக்கட்டும்.

அப்புறம் அந்த 22 ஓம். உங்களுக்கு எதற்கு அது? உங்கள் பாக்ஸ் அலமாரிக்குள் இருக்கிறது, எல்இடி அதன் மூக்குக்கு நேராக ஒரு சாண் தூரத்தில் இருக்கப்போகிறது. ஒளியின் வலிமை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. ஆறு மீட்டரில் வேலை செய்யும் ரிமோட் எல்இடியை 20 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் தூரம் முப்பதில் ஒரு பங்கு, அதாவது கண்ணில் விழும் ஒளி தொள்ளாயிரம் மடங்கு. 16 மில்லி ஆம்பியர் உங்களுக்குத் தாராளம். அதைக் கூட்டக் கூட்ட அலமாரி இடுக்கு வழியாகக் கசிந்து வெளிக்கண்ணில் விழும் ஒளியும் கூடும், அவ்வளவுதான் லாபம். பழைய 220-ஐயே திரும்பப் போடுங்கள்.

நூறுமீட்டர்:

ஒப்புக்கொள்கிறேன், நான் அலமாரி என்பதைக் கவனிக்காமல் தூரக் கணக்கில் பதில் சொல்லிவிட்டேன். டிரான்சிஸ்டர் சுட்டதற்கு நான்தான் காரணம், மன்னிக்கவும். நான் கட்டியது வேறு வேலைக்கு, நீண்ட கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு. அங்கே பவர் நிஜமாகவே தேவைப்பட்டது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

மரக்கதவு:

220 ஓம் திரும்பி வந்துவிட்டது, கெபாசிட்டர் எல்லாம் போட்டாயிற்று, எல்இடியை இரண்டு மீட்டர் வயரில் நீட்டி அலமாரிக்குள் விட்டுக் கதவை மூடினேன். மின்னல் சுத்தமாக நின்றுவிட்டது. ரிமோட்டை அழுத்தினால் சிவப்பு எல்இடி துடிக்கிறது, விட்டால் அணைகிறது. கேட்கவே ஆசையாக இருந்த "டக்" சத்தம் அலமாரிக்குள்ளிருந்து வந்தது, பாக்ஸ் ஆன் ஆகிவிட்டது!

ஆனால் எல்இடி பாக்ஸின் ஜன்னலை ஒட்டியிருந்தால் மட்டும்தான் எடுக்கிறது. ஒரு விரல் தள்ளினால் பாதி அழுத்தல் வீண். அண்ணா சொன்ன கணக்குப்படி 20 சென்டிமீட்டரில் தாராளமாக எடுத்திருக்க வேண்டும் அல்லவா?

ஈயப்புகை:

வேண்டும். அப்படியானால் ஸ்ருதி சேரவில்லை. மீட்டரில் ஹெர்ட்ஸ் அளக்கும் வசதி இருந்தால் 3ஆம் காலை அளந்து சொல்லுங்கள். 4ஆம் காலைத் தற்காலிகமாக ஐந்து வோல்ட்டில் கட்டிவிட்டு அளக்க வேண்டும், இல்லையென்றால் 555 ஓடாது. மாற்றி வைக்கும்போது அந்தக் காலிலிருந்து கலெக்டரைப் பிரித்துவிடுங்கள், ஷார்ட் ஆகிவிடும்.

மரக்கதவு:

42.3 கிலோஹெர்ட்ஸ். கணக்குப்படி 1.44-ஐ 37 கிலோ ஓமாலும் 1 நானோ ஃபாரட்டாலும் வகுத்தால் 38.9 தானே வர வேண்டும்?

ஈயப்புகை:

கணக்கு சரிதான், கெபாசிட்டர்தான் தன் மேல் எழுதியிருப்பதை மதிக்கவில்லை. அந்தச் சின்ன வட்டத் தட்டு செராமிக்குகளில் பத்து சதவீதம் தவறுவது சாதாரணம். பாலியெஸ்டர் ஃபிலிம் வகை இருந்தால் அதைப் போடுங்கள், சூட்டுக்கும் நிலையாக நிற்கும்.

கண்ணுக்குள் ஒரு வடிகட்டி இருக்கிறது. 38-ஐ நடுவில் வைத்து ஐந்து சதவீதம் இந்தப் பக்கம், ஐந்து சதவீதம் அந்தப் பக்கம், அதாவது ஏறக்குறைய 36-லிருந்து 40 வரைக்கும்தான் கதவு நன்றாகத் திறந்திருக்கும். 42 அதற்கு வெளியே. ஒட்டி வைத்தால் வலுவான ஒளி என்பதால் இடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது, தள்ளியதும் முடியவில்லை.

18 கிலோ ஓமை எடுத்துவிட்டு 15 கிலோ ஓமும் அதோடு தொடராக 5 கிலோ ஓம் பிரிசெட்டும், அதாவது திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டரும், போடுங்கள். உங்கள் கெபாசிட்டர் கணக்கில் 0.92 நானோ ஃபாரட் பக்கம் வருகிறது, பிரிசெட்டைக் கடைசி முனைக்குத் தள்ளினால்தான் 38-க்குப் பக்கத்தில் வருவீர்கள், அதற்கு மேல் திருக இடம் இருக்காது. ஆகவே ஃபிலிம் கெபாசிட்டர் போடுங்கள், அல்லது இதன் மேல் ஒரு 82 பிகோ ஃபாரட்டைப் பக்கவாட்டில் சேருங்கள்.

மீட்டர் இல்லாதவர்கள் இப்படிச் செய்யலாம். எல்இடியைப் பாக்ஸிலிருந்து மெல்ல மெல்லப் பின்னால் நகர்த்தி, பட்டன் தவற ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிரிசெட்டை ஒரு பக்கம் திருகினால் நன்றாக எடுக்கும், இன்னும் திருகினால் மறுபடி தவறும். அந்த இரண்டு தவறும் இடங்களுக்கு நடுவில் விட்டுவிட்டு எல்இடியை இன்னும் பின்னால் தள்ளி மறுபடி ஒரு சுற்று. இரண்டு சுற்றில் ஸ்ருதி சேர்ந்துவிடும். நான் பல வருடமாக இப்படித்தான் செய்கிறேன், அளவுகோலே அந்தப் பாக்ஸின் கண்தான் என்பதால் மீட்டரைவிட இதை நம்புவேன்.

குறியீட்டாளர்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். கண் சிக்னலை அப்படியே தருவதில்லை, கொஞ்சம் நீட்டியோ குறுக்கியோதான் தருகிறது. டேட்டாஷீட்டில் பார்த்தால் வந்த துடிப்பைவிட ஐந்து அலை குறைவாகவோ ஆறு அலை அதிகமாகவோ வரலாம் என்று இருக்கும். 38 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலை 26 மைக்ரோ நொடி, ஆக 156 மைக்ரோ நொடி வரை பிசகலாம்.

பல ரிமோட்டுகள் கோடு அனுப்பும் என்இசி முறையில் முதலில் 9 மில்லி நொடி துடிப்பு, 4.5 மில்லி நொடி அமைதி, பிறகு ஒவ்வொரு பிட்டுக்கும் 562 மைக்ரோ நொடி துடிப்பும் அதன் பின்னால் குட்டி அமைதியோ அதன் மூன்று மடங்கு அமைதியோ. குட்டி என்றால் பூஜ்யம், நீளம் என்றால் ஒன்று. இதில் 562 என்பது 700 ஆனாலும் பாக்ஸ் சமாளிக்கும், இரண்டு அமைதிகளுக்கும் இருக்கும் வித்தியாசம் பெரியது. ஆனால் பிலிப்ஸின் ஆர்சி5 மாதிரி முறைகளில் துடிப்பும் அமைதியும் சம அளவு என்பதால் சகிப்பு குறைவு. இரண்டு ரிப்பீட்டரை ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போட்டால் பிசகும் இரண்டு மடங்காகிக் கெட்டுவிடும். தூரம் அதிகம் என்றால் இடையில் இன்னொரு ரிப்பீட்டர் வைக்காமல் வயரை நீட்டுங்கள்.

மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றை வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. ரிமோட் அனுப்பிய குறியீட்டை (கோடு) படித்து, புரிந்துகொண்டு, புதிதாகச் சரியான அளவில் அனுப்பிவிடலாம். படித்து முடித்த பிறகுதான் அனுப்பும் என்பதால் தன் குரலைத் தானே கேட்கும் சிக்கலும் வராது, அனுப்பும் நேரத்தில் கண்ணைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம்.

ஈயப்புகை:

எல்லாம் உண்மை. ஆனால் அது தனக்குத் தெரிந்த கோடை மட்டும்தான் அனுப்பும். ஏசி ரிமோட் ஒவ்வொரு அழுத்தலிலும் வெப்பநிலை, காற்றின் வேகம், நேரம் என்று முழு நிலையையும் நீளமாக அனுப்புகிறது, அதற்குத் தனியாக எழுத வேண்டும். இந்த 555 சர்க்யூட்டுக்கு எந்தக் கோடும் தெரியாது, அதனாலேயே எல்லாக் கோடும் கடந்து போகும். வெட்டும் வேகம் 38-க்குப் பக்கத்தில் இருந்தால் போதும். ஆர்சி5-இன் 36-ம் சோனியின் 40-ம் வடிகட்டியின் விளிம்பில் வரும், தூரம் கொஞ்சம் குறையும், ஆனால் எடுக்கும். புதிதாகக் கட்டுபவருக்கு இதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

வாசல்விளக்கு:

தாமதமாக வந்து கேட்கிறேன். என் சர்க்யூட் டிவி ரிமோட்டுக்கு அருமையாக வேலை செய்கிறது, வேறொரு பாக்ஸின் ரிமோட்டுக்குத் துளியும் அசையவில்லை. கேமராவில் அந்த ரிமோட்டின் எல்இடியும் நன்றாகவே மின்னுகிறது. கண்ணில் குறையா?

குறியீட்டாளர்:

அந்த ரிமோட் 56 கிலோஹெர்ட்ஸாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, சில பாக்ஸ்கள் அதைப் பயன்படுத்துகின்றன. கேமரா ஒளி வருகிறதா என்று மட்டும்தான் காட்டும், எந்த வேகத்தில் வெட்டப்படுகிறது என்பதைக் காட்டாது. 38-க்கான கண்ணுக்கு 56 கிட்டத்தட்ட இருட்டு. 56-க்கென்றே வரும் கண் தனி, அதற்கு 555-ஐயும் 56-க்கு மாற்ற வேண்டும். இரண்டு ரிமோட்டும் வேண்டும் என்றால் இரண்டு சர்க்யூட் கட்டுவதுதான் எளிது.

நூறுமீட்டர்:

சொன்னபடி தூரத்தைப் பற்றி. கூடத்தின் கோடிக்கு அனுப்ப நான் முதலில் கரண்டைத்தான் கூட்டினேன். இரண்டு மடங்கு கரண்ட் கொடுத்தால் தூரம் இரண்டு மடங்கு ஆகாது, 1.4 மடங்குதான். இரண்டு மடங்கு தூரம் வேண்டுமென்றால் நான்கு மடங்கு ஒளி வேண்டும். கோணத்தில்தான் உண்மையான லாபம். டிஎஸ்ஏஎல்6400 என்ற அகச்சிவப்பு எல்இடி இரு பக்கமும் 25 பாகை விரித்து அடிக்கும், 6100 வெறும் 10 பாகை. அதே கரண்டில் குவித்து அடிப்பதால் நேர் எதிரே பல மடங்கு வலு. ஆனால் குறி பார்த்துத் திருகி வைக்க வேண்டும், கொஞ்சம் விலகினாலும் போச்சு.

டிரான்சிஸ்டருக்கு பிசி337 போடுங்கள், 547 வேண்டாம். இரண்டு எல்இடியைத் தொடராகப் போட்டு 22 ஓம் வைத்தால் 90 மில்லி ஆம்பியர் பக்கம் வரும், ஒரே கரண்டில் இரண்டு மடங்கு ஒளி. பேஸுக்கு 1 கிலோ ஓம் போதாது. ஐந்து வோல்ட்டில் 555-இன் அவுட்புட் 3.3 வோல்ட் பக்கம்தான் ஏறும், 270 ஓம் வையுங்கள். வயர் நீளமானால் அதையும் கணக்கில் எடுங்கள். நெட்வொர்க் கேபிளின் ஒரு இழை மீட்டருக்கு 0.09 ஓம் பக்கம், 15 மீட்டர் போய் வர கிட்டத்தட்ட 3 ஓம், அதை 22-இலிருந்து கழித்துக்கொள்ளலாம். பவர் கூடிய எல்இடியை உங்கள் சொந்தக் கண்ணுக்கு நேராகப் பிடித்துச் சோதிக்காதீர்கள், தயவுசெய்து. நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் இமை தானாக மூடிக்கொள்ளாது.

மரக்கதவு:

ஒரு வாரம் கழித்து வருகிறேன். ஃபிலிம் கெபாசிட்டர் போட்டு, அண்ணா சொன்ன முறையில் இரண்டு சுற்று திருகினேன். கடைசியில் மீட்டரில் பார்த்தால் 38.1. இப்போது எல்இடி அலமாரியின் பின்பலகையில் ஒட்டியிருக்கிறது, பாக்ஸுக்கு எதிரே கூட இல்லை, கதவின் உள்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியிலேயே பாக்ஸ் எடுக்கிறது. 16 மில்லி ஆம்பியரில்! போர்டைச் சாலிடர் செய்து ஒரு சின்ன டப்பாவில் அடைத்துவிட்டேன். கண் மட்டும் அலமாரியின் மேல் விளிம்பில்.

ஒரு தொல்லை மிச்சம் இருந்தது. மாலை ஐந்து மணிக்கு மேல் வெயில் ஜன்னல் வழியாக நேராகக் கண்ணில் விழும் நேரத்தில், ரிமோட்டைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் எடுத்தது. இருட்டறை சொன்ன தடித்த அட்டையைக் குழலாகச் சுருட்டி, மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குக் கண்ணின் முன்னால் ஒட்டினேன். பக்கவாட்டு வெயில் நின்றது, சோபாவிலிருந்து அழுத்தினால் எடுக்கிறது. தரையில் உட்கார்ந்து அழுத்தினால் மட்டும் எடுக்கவில்லை, குழலின் கீழ்ப்பக்கத்தைக் கத்தரிக்கோலால் சரிவாக வெட்டிவிட்டேன், அதுவும் சரியாகிவிட்டது.

இருட்டறை:

அட்டைக்குள் கறுப்பு மை பூசினால் உள்ளே பட்டுத் தெறிக்கும் வெயிலும் குறையும். ஆனால் பூசுவதற்கு முன்னால் அந்த மையைக் கேமரா முன்னால் ஒரு ரிமோட்டை வைத்துப் பார்த்துவிடுங்கள், ஒரு கண்ணாடித் துண்டில் பூசி. ரிமோட்டின் ஊதா வெளிச்சம் அதன் வழியாகத் தெரிந்தால் அந்த மை வேண்டாம்.

மரக்கதவு:

பார்த்தேன். மார்க்கர் மை வழியாக அப்படியே தெரிகிறது, அடுப்புக் கரியைக் குழைத்துப் பூசினால் தெரியவில்லை. கரியையே பூசிவிட்டேன்.